அஜெண்டாவில் இல்லாத நாடகம்

ஏற்காட்டில் பனிமூட்டம் யாரையும் கேட்காமல் வரும். குரங்கு கேட்காமல் வரும். கோடையில் சேலத்துச் சொந்தக்காரர்கள் சுத்தமாகக் கேட்காமல் வருவார்கள். ஆனால் அஜெண்டா அண்ணன் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் ஒரு தும்மல்கூட முன்னறிவிப்பு இல்லாமல் வந்துவிட முடியாது. அவருக்குப் பிடித்த மாதிரி முறையாக நடந்த ஒரே காரியம் அவர் பிறந்ததுதான் என்று நினைக்கிறேன். அதற்குப் பத்து மாதம் நோட்டீஸ் கொடுத்திருக்கிறார் அல்லவா!

ஞானஸ்நானத்தில் அவருக்கு வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி விசாரித்தால் பஸ் ஸ்டாண்டில் ஒருவருக்கும் தெரியாது. நாகலூர்ப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்து, தினம் காலையில் வேலைக்கு வந்த ஆட்களுக்குப் பேரேட்டில் பேர் போட்டுப் போட்டே தலை நரைத்தவர். ஓய்வு பெற்றதும் பேர் போட ஆளில்லாமல் தவித்தவரை எங்கள் கலை அறக்கட்டளையில் டிரஸ்டியாகச் சேர்த்தோம். சேர்த்தோம் என்றா சொன்னேன்? தெரியாத்தனமாகத் தலையில் ஏற்றிக்கொண்டோம்.

அறக்கட்டளை என்றதும் பெரிதாக எதையும் நினைக்க வேண்டாம். ஒரு பழைய காபி குடோன், தகரக் கூரை, ஒரு மேடை, அவ்வளவுதான். சனிக்கிழமை ஆனால் நாகலூர், வாழவந்திப் பிள்ளைகள் பஸ் ஏறி வந்து பாட்டும் பறையும் கற்றுக்கொள்வார்கள். இதை நடத்துவது சம்பளமில்லாத டிரஸ்டிகளான நாங்கள். தலைவர் டாக்டரம்மா, ஊரில் பாதிப் பேருக்குப் பிரசவம் பார்த்தவர். அடுத்து பேக்கரி சேவியர். வாழவந்தியில் காபியும் ஆரஞ்சும் போட்டிருக்கும் பொன்னுசாமி. செயலாளர் என்ற பெயரில் எடுபிடி வேலைக்கு நான். அப்புறம் அண்ணன். எங்களில் ஒருவருக்கும் பாடத் தெரியாது, ஆடத் தெரியாது, கோடு போட்டால் நேராக வராது. கலையை வளர்க்க அது ஒரு தடையாக இருந்ததே இல்லை.

அண்ணன் வந்த முதல் கூட்டத்திலேயே சேவியர் சுடச்சுட முட்டை பப்ஸ் கொண்டுவந்தார். நான் கையை நீட்டினேன். அண்ணன் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"ஏனுங்க செயலாளர், பப்ஸ் எத்தனாவது அயிட்டமுங்க?"

"நாலாவது அண்ணே."

"இப்ப எதுல இருக்கறமுங்க?"

"ஒண்ணுல."

"அப்பறம் என்னத்துக்குங்க கை நீளுது?"

ஏற்காட்டுக் குளிரில் நாலாவது அயிட்டத்துக்கு வந்து சேர்ந்த பப்ஸை வைத்து ஆணி அடிக்கலாம். அன்றிலிருந்து எங்கள் பற்களைப் பற்றி டாக்டரம்மா கவலைப்பட ஆரம்பித்தார்.

இன்னொரு நாள் ஜன்னல் வழியாக ஒரு குரங்கு குதித்து, காலி நாற்காலியில் டிரஸ்டி மாதிரி உட்கார்ந்துகொண்டது. பொன்னுசாமி குடையை ஓங்கினார்.

"உக்காருங்க பொன்னுசாமி! கொரங்கு அஜெண்டாவுல இல்லீங்க. 'இதர விஷயங்கள்' வர்றப்பப் பேசிக்கலாமுங்க" என்றார் அண்ணன்.

இதர விஷயங்கள் வருவதற்குள் குரங்கு பப்ஸ் மொத்தத்தையும் முடித்துவிட்டுப் போய்விட்டது. அண்ணன் விடவில்லை. 'குரங்கு பற்றி விவாதிக்கப்பட்டது. குரங்கு தானாகவே வெளியேறிவிட்டதால் மேல் நடவடிக்கை தேவையில்லை' என்று என்னை எழுத வைத்துவிட்டுத்தான் எழுந்தார்.

வீட்டிலாவது சும்மா இருப்பாரா என்று அவர் மனைவி எலிசபெத்தக்காவிடம் கேட்டேன். அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

"எங்க கல்யாணத்துக்குக் கோயில்ல மூணு ஞாயித்துக்கெழம, ஆட்சேபணை இருந்தாச் சொல்லுங்கன்னு ஓலை வாசிச்சாங்க தம்பி. அப்ப இவரு கண்ணு கலங்கிப் போச்சு. அட, நம்ம மேல இத்தன ஆசையான்னு நெனச்சேன். அப்பறந்தான் தெரிஞ்சுது, மூணு தடவ நோட்டீஸ் குடுக்கற மொறையப் பாத்துக் கலங்கியிருக்காரு!"

இப்படிப்பட்ட சிங்கத்துக்கு ஒரே ஒரு பயம் இருந்தது. மேடை. ஒருமுறை வரவேற்புரைக்கு ஏற்றிவிட்டோம். "அனைவருக்கும்" என்றார். நாற்காலிகளைப் பார்த்தார். நாற்காலிகள் அவரைப் பார்த்தன. 'வணக்கம்' என்ற சொல்லைத் தன்னோடு எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். அதன் பிறகு எந்த விழாவானாலும் அவர் வாசலில் நின்று குடைகளை வாங்கி அடுக்குவார். மேடை இருக்கும் திசையில் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்.

இனி வம்புக்கு வருகிறேன். அந்தக் குடோனை எங்களுக்குக் கொடுத்த பெரிய முதலாளி நாடகப் பைத்தியம். வருஷாவருஷம் தன் பிறந்த நாளன்று அந்த மேடையில் ஒரு நாடகம் நடந்தாக வேண்டும், ஒரு வருஷம் தவறினாலும் குடோன் தன் குடும்பத்துக்கே திரும்பிவிடும் என்று பத்திரத்தில் எழுதிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அவருடைய பேரன், நாங்கள் சின்ன முதலாளி என்போம், அந்த இடத்தில் டூரிஸ்டுகளுக்குக் காட்டேஜ் கட்ட ஆசைப்பட்டார். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒவ்வொரு வருஷமும் முதல் வரிசையில் வந்து உட்கார்ந்து, இன்றைக்காவது நாடகம் நின்று தொலைக்காதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

நாங்களும் ஒவ்வொரு வருஷமும் கீழேயிருந்து ஒரு நாடகக் குழுவை வரவழைத்துச் சமாளித்துவந்தோம். அந்த வருஷம் பிறந்த நாளன்று மத்தியானம் பேய் மழை. மலைப்பாதையில் ஒரு கொண்டைஊசி வளைவில் பெரிய மரம் சாய்ந்துவிட்டது. குழுவின் வேன் அடிவாரத்திலேயே நின்றுபோனது. "நான் போய் மரம் வெட்டறவங்களைச் சத்தம் போட்டுட்டு வர்றனுங்க" என்று அண்ணன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மாலை ஆனது, அவரையும் காணோம், வேனையும் காணோம். ஹாலில் ஊர்க்கூட்டம் நிறைந்துவிட்டது. முதல் வரிசையில் சின்ன முதலாளி, கையில் செல்போன். நடக்காத நாடகத்தை வீடியோ எடுக்கத் தயாராக இருந்தார்.

"நாமளே ஏறிருவமுங்க" என்றார் பொன்னுசாமி.

"என்ன நாடகம் போடறது?" என்றேன்.

"ராஜா நாடகந்தேன். ராஜா கேப்பாரு, மந்திரி சொல்லுவாரு. அப்படியே போயிருமுங்க."

கேக் வைக்கும் தங்க நிற அட்டையைச் சுருட்டிச் சேவியருக்குக் கிரீடம் வைத்தோம். பொன்னுசாமி கம்பளியைப் போர்த்திக்கொண்டு மந்திரியானார். டாக்டரம்மா மகாராணி. நான் சேவகன், அதில் எனக்கு ஒத்திகை தேவைப்படவில்லை. கூட்டம் போடும் மேஜையையே அரசவை ஆக்கித் திரையைத் தூக்கினோம்.

ராஜா சேவியர் தொண்டையைக் கனைத்தார். "மந்திரியாரே! நாட்டில் மாதம் மும்மாரி பொழிகிறதா?"

மந்திரி கம்பளியைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தார். பொய் சொல்ல அவருக்கு வரவில்லை. "எங்கீங்க பொழியுது? பூ உடற நேரத்துல ஒரு சொட்டு இல்லீங்க, காப்பி பூரா கருகிப் போச்சு. இப்ப வேண்டாங்கறப்ப ஊத்துது!"

ராஜாவுக்கு அடுத்த வசனம் இல்லை. மந்திரிக்கும் இல்லை. சின்ன முதலாளியின் முகத்தில் காட்டேஜ் எழும்புவதை நான் கண்ணால் பார்த்தேன். அப்போதுதான் டாக்டரம்மா, இத்தனை வருஷப் பழக்கத்தில், தன்னையறியாமல் சொன்னார்.

"சரி, அடுத்த விஷயம்?"

அவ்வளவுதான்! எங்கள் எல்லாருக்கும் உயிர் வந்தது. உலகத்தில் எங்களுக்கு நன்றாகத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். ராஜா கூரை ஒழுகுவதை எடுத்தார். மந்திரி கக்கூஸ் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டார். சாவி ராஜாவின் பேக்கரியில்தான் தொங்குகிறது என்று சேவகன் காட்டிக்கொடுத்தான். "அப்ப அவசரத்துக்கு நாங்க பன்னு வாங்கோணுமா?" என்று மந்திரி எகிறினார். ஜனங்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள்.

அந்த நேரம் பார்த்து மேடையின் பின்கதவு படாரென்று திறந்தது. சொட்டச் சொட்ட நனைந்து அண்ணன் நிற்கிறார். கண்ணாடி பூராவும் பனி படிந்து வெள்ளையாகக் கிடக்கிறது. எதிரே கண் கூசும் விளக்கு. அவருக்குத் தெரிந்ததெல்லாம் மேஜையும் நாங்களும்தான்.

"நிறுத்துங்க! யாரைக் கேட்டுக் கூட்டம் போடறீங்க? நோட்டீஸ் குடுத்தீங்களா? அஜெண்டா எங்கீங்க?"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அண்ணன் கூரையை அண்ணாந்து பார்த்தார். "மழை மறுபடி வலுத்துருச்சுங்க" என்றார். தகரமே பிய்ந்துபோகிற மாதிரி மறுபடி சிரிப்பு.

"நாட்டுக்கு ராஜாவே ஆனாலும் ஏழு நாள் நோட்டீஸ் வேணுமுங்க. சேவியர், தலையில என்னங்க அது, கேக் அட்டையா? சபைக்கு மரியாத இல்லீங்களா?"

டாக்டரம்மாதான் கெட்டிக்காரி. மெல்ல அவரை நாற்காலியில் உட்கார வைத்தார்.

"அண்ணே, வேன் வரலை. இன்னிக்கு நாடகம் இல்லேன்னா ஹால் கைவிட்டுப் போயிரும். என்ன பண்ணலாம், சொல்லுங்க."

அண்ணன் வழக்கம்போல ஆரம்பித்தார். "அது அஜெண்டாவுல..." நின்றுவிட்டார். ஈரத் துண்டை மடியில் வைத்துப் பிழிந்தார். அவர் குரல் இறங்கியது.

"அஜெண்டாவுல இல்லாட்டிப் போச்சாது, பரவாயில்லீங்க. நான் எஸ்டேட்டுல, இங்க பாட வர்ற புள்ளைங்களோட அப்பனாத்தாளுக்குப் பேர் போட்டவனுங்க. ஆளுங்க குடியிருக்கற லைன் ஊட்டுல ஒரு புள்ள சத்தமாப் பாடுனா, பேசாம இரு, தொரை காதுல உழுகும்னு வாயைப் பொத்துவாங்க. நானும் பொத்தச் சொல்லியிருக்கறனுங்க. இந்த ஒரு எடத்துலதானுங்க, நல்லாச் சத்தமாப் பாடு கண்ணுன்னு சொல்றோம். சின்ன மொதலாளி கால்ல உழுகணும்னாலும் நான் உழுகறனுங்க. எனக்கு மேடைதான் ஆகாது, ஆள் முன்னால உழுகறதுக்கு என்னங்க?"

தான் நினைத்த 'மழை' சட்டென்று நின்றுவிட்டதை உணர்ந்து அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். எதிரே ஊரே உட்கார்ந்திருந்தது. முதல் வரிசையில் சின்ன முதலாளி, செல்போனை எப்போதோ கீழே வைத்திருந்தார்.

அண்ணன் எழுந்தார், "அனைவருக்கும்" என்றார், வந்த கதவு வழியாகவே ஓடிப்போனார். கைதட்டலில் உண்மையாகவே கூரையிலிருந்து துரு உதிர்ந்தது.

சின்ன முதலாளி மேடை ஏறி வந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார், சிரித்ததாலா வேறெதற்கா, எனக்குத் தெரியவில்லை. "டாக்டரம்மா, இது நாடகந்தானா?"

"ஆமாங்க. புது மாதிரி" என்றார் டாக்டரம்மா, கண்ணிமைக்காமல்.

"தாத்தா இருந்திருந்தா உருண்டு உருண்டு சிரிச்சிருப்பாரு. அடுத்த வருஷமும் இதையே போட்ருங்க. ஆனா அந்த ரைட்டர் கட்டாயம் வரணும்."

வந்தது வினை. அடுத்த வருஷம் முறைப்படி நோட்டீஸ் கொடுத்து, அஜெண்டாவில் 'நாடகம்' என்றே போட்டு, அண்ணனுக்கு வசனமும் எழுதிக் கொடுத்தோம். ஒத்திகையில் பிய்த்து உதறினார். அன்று மாலை நாற்காலிகளைப் பார்த்ததும் திரைச்சீலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். விரல் விரலாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. வேறு வழியில்லாமல், "அண்ணே, நாடகத்தை விட்டுட்டோம், கீழேயிருந்து ஆளுங்க வர்றாங்க, வேன் வருதான்னு வளைவுல பாத்துட்டு வாங்க" என்று அனுப்பிவைத்தோம். திரும்பி வந்தவர் பின்கதவைத் திறந்து, "யாரைக் கேட்டுக் கூட்டம் போடறீங்க?" என்று சீறினார். ஹால் பிழைத்தது.

அதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் இதே ஏமாற்று வேலைதான். ஒரு நல்ல மனுஷனை இப்படி முட்டாளாக்குகிறோமே என்று எனக்குச் சில சமயம் சங்கடமாகக்கூட இருக்கும். இத்தனை வருஷத்தில் வேன் ஒருமுறையாவது வந்ததா என்று அவர் கேட்டதே இல்லை.

இந்த வருஷம் பிறந்த நாளன்று மலையில் ஒரு துளி பனி இல்லை, மழையும் இல்லை. வளைவு வரை போய் வந்த அண்ணன் பின்கதவைத் திறந்தார். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். கண்ணாடியை அவரே கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். எலிசபெத்தக்கா தேய்த்துக் கொடுத்த வெள்ளைச் சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது. கன்னத்தில், காது வரைக்கும், லேசாகப் பவுடர்.

என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி ஒரு பெருமூச்சு விட்டார். சிலுவை போட்டுக்கொண்டு விளக்குக்குள் பாய்ந்தார். "நிறுத்துங்க!"

அந்தப் பவுடரைப் பற்றி நாங்கள் இதுவரை எந்தக் கூட்டத்திலும் பேசவில்லை. நான் செயலாளராக இருக்கும்வரை அது அஜெண்டாவில் வராது.