ஆறு மில்லிமீட்டர் வெள்ளம்

மூன்று அறிவியல்களை ஒரே முழங்காலில் தாங்கி நின்ற மனிதர் உலகத்தில் இதுவரை ஒருவர்தான். வானிலை நிலையத்தில் மழையளவைப் பதிவு செய்யும் வேலை அவருக்கு. அலுவலகத்தில் எல்லோரும் அவரை ‘மில்லிமீட்டர்’ என்றுதான் கூப்பிட்டார்கள். கோபம் வந்தால் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவார்.

மழைமானி நான்கு மாடிக் கட்டடத்தின் உச்சியில், தொண்ணூற்றிரண்டு படிகளுக்கு மேலே இருந்தது. காலை எட்டரைக்கு ஏறி, குடுவையில் சேர்ந்த தண்ணீரை அளந்து, எண்ணைப் பதிவேட்டில் எழுத வேண்டும். முதல் பத்து வருடம் ஒழுங்காக ஏறினார். பிறகு இடது முழங்கால் ஒத்துழைக்க மறுத்துவிட்டது. லிஃப்ட் கேட்டு விண்ணப்பித்தார். ‘பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் வந்தது, வருடம் தவறாமல். அதற்காக அறிவியல் காத்திருக்க முடியுமா? அவரே ஒரு ‘மாற்று முறை’யைக் கண்டுபிடித்தார்.

காலையில் கிளம்பும்போது மனைவியிடம், கொடியில் போட்ட துணி காய்ந்ததா என்று கேட்பார். லேசாக ஈரம் என்றால் நான்கு மில்லிமீட்டர். பிழிய வேண்டும் என்றால் பதினைந்து. மறுபடியும் துவைக்க வேண்டும் என்றால் முப்பது. எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு தசமப் புள்ளி வைப்பார். வெறும் பதினைந்து என்றால் மேலதிகாரி நிமிர்ந்து பார்ப்பார், 15.3 என்றால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். இந்த ஏற்பாடு மனைவிக்குத் தெரியாது. வீட்டு வேலையில் இவ்வளவு அக்கறையுள்ள கணவன் யாருக்குக் கிடைக்கும் என்று அவர் தன் தங்கையிடம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார்.

இப்படியே பதினைந்து வருடம் ஓடியது. ஒரு நாள்கூட விடுபடாத பதிவு என்பதால் அறிஞர்கள் அதை மொய்க்கத் தொடங்கினார்கள். பருவநிலை ஆய்வாளர் ஒருவர் அந்த எண்களைக் கணினியில் ஊட்டி, அந்த ஊரில் திங்கட்கிழமை மட்டும் மழை கூடுதலாகப் பெய்கிறது என்று கண்டுபிடித்தார். ஞாயிறன்று ஆலைகள் மூடப்படுவதால் மேகம் நிம்மதியாகத் திரள்கிறது என்பது அவர் கோட்பாடு. ஞாயிற்றுக்கிழமைதான் மனைவி கெட்டியான போர்வைகளைத் துவைப்பார், அவை மறுநாள் காலைக்குள் காயாது என்பது கோட்பாட்டில் இல்லை. பொருளாதார நிபுணர் ஒருவர் அந்தத் திங்கள் மழையால் நாட்டு உற்பத்தி எத்தனை சதவீதம் குறைகிறது என்று கணக்கிட்டு, வார விடுமுறையையே திங்கட்கிழமைக்கு மாற்றலாம் என்று பரிந்துரைத்தார். மூன்றாமவர், ஊர் ஓடையின் மேல் புதுப் பாலம் கட்டவிருந்த பொறியாளர். அவருக்கு வேண்டியது ஒரே எண்: இத்தனை வருடத்தில் ஒரே நாளில் பெய்த மிகப் பெரிய மழை எவ்வளவு?

இந்த ஒரு எண்ணில்தான் சிக்கல் இருந்தது.

ஒன்பது வருடத்துக்கு முன் தம்பி கல்யாணத்துக்காக அவர் மூன்று நாள் வெளியூர் போயிருந்தார். மகளுக்குப் பரீட்சை; அதனால் தாயும் மகளும் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். கடமை தவறாத மனிதர் என்பதால் போவதற்கு முன்பே மூன்று நாள் மழையையும் எழுதி அனுப்பிவிட்டுத்தான் போனார். ஐந்து, ஆறு, நான்கு; அவசரத்தில் தசமப் புள்ளிகூட வைக்கவில்லை. நடுவில் அந்த ‘ஆறு’ விழுந்த நாளில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றி, ஓடை கரையை உடைத்துத் தெருவுக்குள் வந்துவிட்டது. தாயும் மகளும் ஓர் இரவும் ஒரு பகலும் மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தார்கள். திரும்பி வந்தவர் பதிவைத் திருத்தத்தான் நினைத்தார். திருத்தப் படிவத்தில் ‘தவறுக்கான காரணம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதைப் பார்த்துவிட்டுப் படிவத்தை மடித்து மேசை இழுப்பறையில் வைத்தார்.

ஒரு நாள்கூட விடுபடாத பதினைந்தாண்டுப் பதிவைப் பாராட்ட நிலையத்தில் விழா நடந்தது. மேசையில் கண்ணாடிப் பெட்டிக்குள் புதுப் பாலத்தின் சின்ன உருவம், பஞ்சில் செய்த மரங்களோடு இருந்தது. ஓடையின் குணத்தைப் பருவநிலை ஆய்வாளரின் கணினிக் கணிப்பு துல்லியமாகச் சொல்லிவிட்டதால், பாலத்தை உயரமாகக் கட்டிச் சிமெண்டை வீணாக்கத் தேவையில்லை என்று பொறியாளர் விளக்கினார். தெருவைவிட ஒரு சாண் உயரம் போதுமாம். மில்லிமீட்டர் அந்தக் கண்ணாடிப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் இப்போது அக்கரை மருத்துவமனையில் நர்ஸ். பாலம் வந்தால் தினமும் இரண்டு தடவை ஸ்கூட்டரில் அதன் மேல்தான் போய்வர வேண்டும். பொன்னாடை போர்த்த வந்த இயக்குநரின் கையை அவர் பிடித்துக்கொண்டார்.

“சார், நான் மாடிக்குப் போய்ப் பதினஞ்சு வருஷமாச்சு. எழுதினது எல்லாம் பொய் சார். ஆறுன்னு எழுதின அன்னிக்கு வெள்ளம் வந்துச்சு.”

மைக் அணைக்கப்பட்டது. இயக்குநரும் மூன்று அறிஞர்களுமாக நால்வரும் அவரை உள்ளறைக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அறிஞர்கள் கோபப்பட்டார்கள் என்று நினைத்தால் அது அவர்களை அவமதிப்பதாகும். விஷயத்தை விஞ்ஞான நோக்கோடு அணுகினார்கள். பதினைந்து வருட எண்களும் தன் கணினிக் கணிப்போடு அழகாகப் பொருந்துகின்றன, இவருடைய வாக்குமூலம் மட்டும்தான் பொருந்தவில்லை, பொருந்தாததைத் தள்ளிவிடுவதுதான் துறை மரபு என்றார் பருவநிலை ஆய்வாளர். பொய் சொன்னதாக அவரே ஒப்புக்கொள்கிறார், பொய் சொல்பவர் சொல்லும் வாக்குமூலத்தை எப்படி நம்புவது என்று கேட்டார் பொருளாதார நிபுணர். பொறியாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

இயக்குநர்தான் கனிவாகப் பேசினார். “உங்க பொய்ய நம்பி மூணு பேர் டாக்டர் பட்டம் வாங்கியிருக்காங்க. உங்க உண்மைய நம்பி இதுவரைக்கும் யாராவது எதையாவது வாங்கியிருக்காங்களா, சொல்லுங்க?”

ஆனாலும் மில்லிமீட்டர் விடவில்லை. நான் பார்க்கவில்லை, என் மனைவி பார்த்தாள், அவளைக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்று மன்றாடினார். நேர்மையான அமைப்பு என்பதால் உடனே அந்த நால்வரையே கொண்ட குழு ஒன்று அமைக்கப்பட்டது.

அன்று சாயங்காலம் வீட்டில் உண்மையைச் சொன்னார். மனைவி மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார். “பதினஞ்சு வருஷமா துணி காஞ்சுதான்னு கேட்டீங்களே, அக்கறைன்னு நினைச்சேனே” என்றார். மனைவிக்கு அழுகை வந்தது. அதைப் பார்த்துக் கணவருக்கும் வந்தது. ஆனால் குழு கூடிய நாளில் மனைவி நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டு, கணவனுக்கு முன்னால் கிளம்பி வாசலில் நின்றார். மகள் போகிற பாலம் ஆயிற்றே.

குழுவின் முன் மனைவி எழுந்து நின்று, வெள்ளம் எதுவரை வந்தது என்று நெஞ்சில் கை வைத்துக் காட்டினார். தலைவராக இருந்த இயக்குநர் அதை மில்லிமீட்டரில் சொல்லச் சொன்னார். அவருக்குத் தெரியவில்லை. அப்படியானால் தரையிலிருந்து கை வரை அளந்துவிடலாம் என்று குழு தாராளமாக முடிவெடுத்தது. அரைமணி நேரம் தேடினார்கள். மழை, காற்று, வெயில், விலைவாசி எல்லாவற்றையும் அளக்கும் அந்தக் கட்டடத்தில் ஓர் அளவு நாடா இல்லை. அதுவரை அவர் நெஞ்சிலிருந்து கையை எடுக்காமல் நின்றார்.

பிறகு அவரே கேட்டார். “எங்க தெருவுல இருபத்தெட்டு வீடு இருக்கு. எல்லா வீட்டுச் சுவத்துலயும் அந்தக் கறை இன்னும் இருக்கு. இங்கேருந்து நடந்தா பத்து நிமிஷம். நீங்க யாராவது ஒருத்தர் ஒரு வீட்டுக் கதவையாவது தட்டினீங்களா?”

கள ஆய்வு தங்கள் வரம்புக்குள் வராது என்று பொறியாளர் தெளிவுபடுத்தினார். அனுபவங்களைத் தாங்கள் பெரிதும் மதிப்பதாகப் பருவநிலை ஆய்வாளர் சொன்னார். மில்லிமீட்டர் மனைவியின் நாற்காலிக்குப் பின்னால் நின்று, அவர் தோளைத் தொட்டார். பத்து நிமிடத்தில் அறிக்கை தட்டச்சாகி வந்தது. தெளிவும் சுருக்கமும் கட்டுப்பாடும் கொண்ட அப்படி ஓர் ஆவணத்தை அந்த அலுவலகம் அதற்கு முன் கண்டதில்லை. பாலத்தின் உயரத்தில் மாற்றம் தேவையில்லை என்றது முதல் வரி. காரணத்தை இரண்டாவது வரி சொன்னது: ‘குறிப்பிட்ட நாளில் வெள்ளம் வந்ததைக் கண்ணால் கண்டவர் எவரும் இல்லை.’

நால்வரும் அதில் கையெழுத்துப் போட்டார்கள். பிறகு பேனாவைத் துடைத்து, ‘விசாரணையில் நேரில் கலந்துகொண்ட சாட்சி’ என்ற இடத்தில் விரல் வைத்துக் காட்டி, மனைவியிடம் மரியாதையாக நீட்டினார்கள்.