பொடிக்கடை அண்ணாச்சி ருசி பார்த்த அமெரிக்க விஸ்கி

தென்காசியில் மதுவிலக்கைக் காப்பாற்றியது போலீஸ் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காப்பாற்றியவர் பொடிக்கடை அண்ணாச்சி. ஒரே ஒரு நாள் அதைக் கவிழ்த்தவரும் அவர்தான்.

அறுபதுகளின் தொடக்கம். பிடிபட்ட சரக்கு சாராயம்தான் என்று உள்ளூர்க்காரர் யாராவது சாட்சி சொல்ல வேண்டும். ஸ்டேஷனுக்கு எதிரே மூக்குப்பொடிக் கடை வைத்திருந்ததால் அந்தப் பதவி அண்ணாச்சிக்கு வந்து சேர்ந்தது. சொந்தப் பொடியைப் போட்டுப் போட்டு அவர் மூக்கு எப்போதோ செத்துவிட்டது. ஆகவே நாக்கு நுனியில் ஒரு சொட்டு வைப்பார், "சாராயம்" என்பார், துப்புவார், வாய் கொப்பளித்துத் திருநீறு பூசிக்கொள்வார். வெங்காயம்கூடச் சேர்க்காத சைவர். ஸ்டேஷனில் அவருக்கென்று தனி நாற்காலி உண்டு. அதில் அவருக்கிருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

ஒரு சீசன் காலையில், சாரலோடு சாரலாக, இன்ஸ்பெக்டர் எங்களை ஜீப்பில் குற்றாலத்துக்கு அழைத்துப் போனார். நான் பக்கத்து ஜவுளிக்கடைக் கணக்கன். இங்கிலீஷ் வாசிப்பேன் என்பதற்காக இரண்டாவது சாட்சி. பங்களா வாட்ச்மேன் மாடசாமியின் குடிசையில் ஒரு பாட்டில் அகப்பட்டிருந்தது. மது குடிக்கப் பெர்மிட்டோடு வந்து தங்கிய அமெரிக்க துரை விட்டுப்போனது. அழகாக இருக்கிறதே என்று மாடசாமி எடுத்து வைத்திருக்கிறான். அடியில் அரை டம்ளர் மிச்சம். ஜெயில் நிச்சயம். அவன் பெண்டாட்டி நிறைமாதக் கர்ப்பிணி, வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

லேபிளை வாசித்தேன். கலந்து தயாரித்த போர்பன் விஸ்கி என்றிருந்தது.

அண்ணாச்சி வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "கலப்புச் சரக்குன்னா சட்டுனு சொல்லிர முடியாதுய்யா. பொடியிலயே கலப்பைக் கண்டுபிடிக்கது கஷ்டம்."

டம்ளரில் கொஞ்சம் ஊற்றி வெளிச்சத்தில் பிடித்தார். குடித்தார். துப்பவில்லை.

"நிறம் நல்லெண்ணெய். முதல்ல இனிக்குது, பொறவு எரியுது."

"அப்பம் சாராயந்தான?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அவசரப்படாதீகய்யா. எரியுததெல்லாம் சாராயமா? சுக்குக் கசாயமும் எரியத்தான் செய்யுது."

அடுத்த மடக்கில் சுட்ட சோளக்கருது தெரிந்தது. அதற்கடுத்ததில் கருப்பட்டி. "ரெண்டு சரக்கு கலந்திருக்கான். ஒண்ணு உசத்தி, இன்னொண்ணு சும்மா. எது எதுன்னுதான் பிடிபட மாட்டேங்குது." பிடிபடுவதற்காக மிச்சத்தையும் ஊற்றிக்கொண்டார். பாட்டிலைக் கவிழ்த்து அடியில் தட்டினார்.

"இன்னுங் கொஞ்சம் இருந்தாச் சொல்லிரலாம்யா. தீந்துபோச்சே."

இன்ஸ்பெக்டருக்கு அப்போதுதான் உறைத்தது. கையில் இருப்பது காலி பாட்டில்.

"வே, நீரு குடிச்சிருக்கீரு! உம்மைத்தான் இப்பம் உள்ள தள்ளணும்."

"தள்ளுங்க. சாட்சிக்கு யாரைக் கூப்பிடுவீக? இந்த ஊருக்குச் சாட்சியே நாந்தான."

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். சாரலில் எனக்கு மூக்கடைத்துவிட்டது, வாசனை ஒன்றும் தெரியவில்லை என்றேன்.

ஜீப் எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டது. மாடசாமியும் நானும் அண்ணாச்சியைக் கைத்தாங்கலாக அருவிக்குக் கொண்டுபோய் நிறுத்தினோம். தண்ணீர் தலையில் விழ விழ அவர் கேட்டார்: "ஏலே மாடசாமி, என்ன எழவுலே அது? இதையா காசு குடுத்துக் குடிக்கானுவ?"

ஸ்டேஷனில் அவர் நாற்காலியை எடுத்துவிட்டார்கள். குடித்துவிட்டு நிற்பவர்கள் எத்தனையோ பேரை நானும் பார்த்துவிட்டேன். கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது, அருவிக்கடியில் திருநீறெல்லாம் அழிந்து தள்ளாடி நின்ற அந்த ஒரு மனிதரைத்தான்.