சுண்டு விரல் கணக்கு

"குழந்தையோட சிறுநீர்ப்பை பாசம் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லக்கா. அது சுத்தமான கணக்கு."

மனித குலம் இத்தனை நாளாகத் தப்பாகப் புரிந்துகொண்டிருந்த ஒன்றை, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, துவாக்குடியில், வாயில் பற்பசை நுரையோடு திருத்திக்கொண்டிருந்தான் சித்தார்த்தன். இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். அளவுக் கருவிகளைப் பற்றிய படிப்பு. உலகத்தில் எதையும் அளந்துவிடலாம் என்பது அவன் கொள்கை. அவன் மார்க்கை மட்டும் பல்கலைக்கழகம் சரியாக அளப்பதில்லை.

"வயசோட ரெண்டைக் கூட்டு. முப்பதால பெருக்கு. அஞ்சு வயசுன்னா இருநூத்திப் பத்து மில்லி. அது நிறைய மூணு மணி நேரம் ஆகும். நீ அரை மணிக்கு ஒரு தடவை 'ஒண்ணுக்கு வருதா, ஒண்ணுக்கு வருதா'ன்னு கேட்டுக் கேட்டுத்தான் அவளுக்கு வருது."

"நீ ஒண்ணைப் பெத்து வளத்துட்டு அப்புறமாப் பெருக்குடா" என்றாள் அக்கா மகாலட்சுமி. வாசலில் சீர்த்தட்டுகளும் பாத்திரங்களும் ஏற்றிய குட்டியானை வண்டி உறுமிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு அவள் மகள் வைஷ்ணவிக்குக் காது குத்து. ஸ்ரீரங்கத்தில் ஒரு சின்ன மண்டபம். பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை நல்ல நேரம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அந்த மடி சித்தார்த்தனுடையது. வண்டியில் இடமில்லை, வைஷு இன்னும் எழுந்திருக்கவில்லை. அக்காவும் அவள் கணவரும் முன்னால் போவது, மடி பின்னால் குழந்தையோடு பஸ்ஸில் வருவது என்று ஏற்பாடு.

"ஸ்கூல்ல சுண்டு விரலைக் காட்டப் பழக்கியிருக்காங்க. காட்டினா உடனே கூட்டிட்டுப் போயிடு. பட்டுப்பாவாடை நனைஞ்சா மாத்துறதுக்கு வேற இல்ல."

"விரலைக் காட்ட அவ என்ன டிராஃபிக் போலீஸா? மனுஷன் லட்சம் வருஷம் கஷ்டப்பட்டுப் பேச்சைக் கண்டுபிடிச்சிருக்கான்க்கா. இதையெல்லாம் நான் ஊக்குவிக்க மாட்டேன்."

"ஒண்ணும் ஊக்குவிக்க வேணாம். பன்னண்டு மணிக்குள்ள மடியோட வந்து சேரு."

ஒன்பதரைக்குப் பட்டுப்பாவாடையும் கனகாம்பரமுமாக வைஷு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். வழக்கமாக அவள் மாமாவிடம் மூச்சு விடாமல் பேசுகிறவள். இன்றைக்கு எழுந்ததிலிருந்து ஒரு வார்த்தை இல்லை. தூக்கக் கலக்கம், அளவு சுமார் அறுபது சதவீதம் என்று சித்தார்த்தன் மதிப்பிட்டான்.

"வைஷு, இன்னிக்கு யார் மடியில உக்காரப் போறீங்க?"

வைஷு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். வலது கையைத் தூக்கி, சுண்டு விரலை மட்டும் நீட்டினாள்.

அவன் கடிகாரத்தைப் பார்த்தான். "வீட்டுல போயி இருபத்தஞ்சு நிமிஷம்தான் ஆவுது. கணக்குப்படி உனக்கு இன்னும் ரெண்டரை மணி நேரம் இருக்கு."

விரல் இறங்கவில்லை. இன்னும் கொஞ்சம் முன்னால் வந்து அவன் மூக்குக்கு நேராக நின்றது. சித்தார்த்தனின் மனக்கண்ணில் பட்டுப்பாவாடை வந்து போனது.

"கண்டக்டர், இறங்கணும்! அவசரம்!"

திருவெறும்பூரில் ஒரு பெட்ரோல் பங்க். பெண் குழந்தை, அவன் உள்ளே போக முடியாது. பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்த பெண்ணிடம் தலையைச் சொறிந்துகொண்டு விஷயத்தைச் சொன்னான். அவர் வைஷுவை உள்ளே கூட்டிப்போய், போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"வரலைங்குதே பாப்பா."

"உங்ககிட்ட பேசினாளா?"

"நல்லாப் பேசுதே! என் வளையலை எந்தக் கடையில வாங்கினேன்னு கேட்டுச்சு."

பஸ் போய்விட்டது. அடுத்ததைப் பிடித்தார்கள். தைரியம் சொல்லலாம் என்று சித்தார்த்தன் குனிந்து, "பயப்படாதடா. மாமா கெட்டியாப் பிடிச்சுக்குவேன். டக்குன்னு முடிஞ்சிரும்" என்றான்.

சுண்டு விரல்.

காட்டூரில் இறங்கினார்கள். டிபன் கடைக்காரரின் மனைவி உள்ளே கூட்டிப்போய் வந்து, "சொட்டுக்கூட இல்ல தம்பி" என்றார்.

சித்தார்த்தன் சாலையோரம் நின்று யோசித்தான். தொட்டி நிறையாமலே மணி அடிக்கிறது என்றால் கோளாறு தொட்டியில் இல்லை, மணியில். தொட்டியை ஒருமுறை முழுசாக நிரப்பி முழுசாகக் காலி செய்தால் மணி சரியாகிவிடும். ஆய்வுக்கூடத்தில் எத்தனையோ கருவிகளை அவன் அப்படிச் சரிசெய்திருக்கிறான். இரண்டு கருவிகள் இன்னும் வேலை செய்கின்றன.

ஒரு பெரிய இளநீர் வாங்கிக் கொடுத்தான். வைஷு கடைசிச் சொட்டு வரை குடித்தாள். வழுக்கையைக் கடைக்காரர் கையிலிருந்து வாங்கித் தின்றாள். சித்தார்த்தன் கையிலிருந்து வாங்கவில்லை.

"இப்ப வருதா?"

சுண்டு விரல். டிபன் கடை. சொட்டு இல்லை.

இளநீர் உள்ளே இருக்கும்போது பஸ்ஸை நம்ப முடியாது. ஆட்டோ பிடித்தான். ஓட்டுநர் அற்புதசாமிக்கு ஐம்பது வயசிருக்கும். ஏறியவுடனே சித்தார்த்தன் நேர்மையாக நிலைமையைச் சொன்னான். அது தப்பாகப் போயிற்று.

"தம்பி, போன வாரம்தான் சீட்டு மாத்தினேன்" என்றார் அற்புதசாமி. கண்ணாடியைத் திருப்பி, சாலை தெரியாமல் வைஷுவின் விரல் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் ஆட்டோ சுண்டு விரலால் ஓடியது. "மாமா மடியில சமத்தா இருப்பேல்ல?" என்று சித்தார்த்தன் வாயைத் திறப்பான். விரல் எழும். அற்புதசாமி பிரேக் அடிப்பார். ஓர் ஆஸ்பத்திரி. ஒரு தையல் கடை. ஒரு கல்யாண மண்டபம். அங்கே மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் என்று நினைத்துப் பன்னீர் தெளித்தார்கள், கற்கண்டு கொடுத்தார்கள், "வரலையாம்" என்று குழந்தையைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

போன் அடித்தது.

"எங்கடா இருக்கே?"

"பால்பண்ணை ஸ்டாப்கிட்டக்கா."

"கிளம்பி ஒண்ணே முக்கால் மணி நேரமாச்சு, இன்னும் பால்பண்ணையா? என்ன, பால் கறக்குறியா? பத்தர் ஊசியும் கையுமா உக்காந்திருக்காரு. பன்னண்டைத் தாண்டினா எமகண்டமாம், குத்த மாட்டாராம். உங்க மாமா உன்னைக் கேட்டுக் கேட்டு மூஞ்சி செவந்து போய் நிக்கிறாரு."

"வந்துட்டேன்க்கா. ஒரு சின்ன தொழில்நுட்பக் கோளாறு."

"ஒண்ணுக்கா?"

சித்தார்த்தன் போனை வைத்துவிட்டான்.

பாலக்கரையில் ஆட்டோ நின்றது. இந்தத் தடவை விரலுக்காக இல்லை. "நம்ம பாப்பா ஒண்ணு ஏறிக்கும் தம்பி. ஸ்ரீரங்கத்துல செஸ் க்ளாஸ். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நான்தான் கூட்டிட்டுப் போறது" என்றார் அற்புதசாமி. எட்டு வயது சம்ரீன், செஸ் அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஏறி, வைஷுவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். இரண்டு நிமிஷத்தில் இருவரும் காதோடு காது வைத்துக் குசுகுசுவென்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். சித்தார்த்தனுக்கு லேசாக வலித்தது. எங்கே என்று அவனால் அளக்க முடியவில்லை.

காவிரிப் பாலத்தில் வண்டிகள் வரிசைகட்டி நின்றன. முன்னால் பஸ், பின்னால் பஸ். மணி பதினொன்று முப்பத்தேழு.

"வைஷு, மாமாவைப் பாரு. இன்னும் கொஞ்ச நேரம்தான். நேரா மாமா மடி—"

சுண்டு விரல்.

"ஐயோ! பாலத்துல எங்க தம்பி நிறுத்துறது?" என்று அற்புதசாமி அலறினார். "கீழ காவேரி ஓடுது. அதைத்தான் ஊரே குடிக்குது!"

சித்தார்த்தனுக்குக் கணக்கு, வாய்ப்பாடு, மில்லி எல்லாம் மறந்துபோயிற்று. குழந்தையின் முகத்தருகே குனிந்தான். "ஒண்ணுக்கு வருதா கண்ணு? ஒண்ணுக்கு வருதா? சொல்லுடா செல்லம், ஒண்ணுக்கு வருதா?"

சம்ரீன் அவனைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"அண்ணா, அது ஒண்ணுக்கு இல்ல. அவ உங்களோட காய்."

"காயா?"

"சுண்டு விரல் காட்டினா காய். பேச மாட்டாங்க. அவ ஓடாம நீங்க மடியில பிடிச்சுக்குவீங்களாம், ஒருத்தர் வந்து காதுல ஊசியால குத்துவாராம். அதான் காலையிலேர்ந்து காய் விடுறாளாம். நீங்க ஒவ்வொரு தடவையும் பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போயிடுறீங்களாம்."

அற்புதசாமி கண்ணாடியைச் சாலைப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவருக்கே சங்கடமாக இருந்தது.

பெட்ரோல் பங்கில், டிபன் கடையில், ஆஸ்பத்திரியில், யாரோ ஒருவரின் கல்யாணத்தில் என்று இரண்டு மணி நேரமாக ஒரு குழந்தை அவனிடம் 'பயமாயிருக்கு' என்று சொல்லிக்கொண்டே வந்திருக்கிறது. அவன் இளநீர் வாங்கிக் கொடுத்திருக்கிறான்.

"வைஷு" என்றான். "மாமா பிடிச்சுக்கறது நீ ஓடாம இருக்க இல்லடா. நீ என் கையைப் பிடிச்சுக்கறதுக்கு. வலிச்சா எவ்வளவு வேணுமோ அவ்வளவு கிள்ளிக்கோ. வேணும்னா முதல்ல எனக்குக் குத்தச் சொல்லுவோம். ரெண்டு காதுலயும்."

வைஷு காவிரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாயால சொன்னா செல்லாதுண்ணா" என்றாள் சம்ரீன். "பழம் விடணும். ரெண்டு விரல்."

சித்தார்த்தன் வைஷுவின் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தான். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து, குழந்தையின் முன்னால் நீட்டினான். பக்கத்துப் பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவன் கையை இறக்கவில்லை. வண்டிகள் ஓர் அடி நகர்ந்தன, நின்றன, இன்னும் ஓர் அடி நகர்ந்தன. அவன் கை அப்படியே இருந்தது.

வைஷு விரல்களைப் பார்த்தாள். மாமாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்து, சீட்டிலிருந்து நகர்ந்து, அவன் மடியில் ஏறி நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

அற்புதசாமி மூக்கை உறிஞ்சினார். "அப்பாடா. பதினஞ்சு நிமிஷம் இருக்கு தம்பி. அஞ்சு நிமிஷத்துல மண்டப வாசல்ல இறக்கிடுறேன்."

ஆட்டோ பாலத்தை விட்டு இறங்கியது. அப்போது வைஷு மெதுவாகத் தன் இரண்டு விரல்களைத் தூக்கிக் காட்டினாள். சித்தார்த்தனுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் விரல்களால் அந்தக் குட்டி விரல்களைத் தொட்டு, "பழம்டா தங்கம், பழம்!" என்றான்.

"பழம் மடியில உக்காந்தப்பவே விட்டுட்டேன் மாமா" என்றாள் வைஷு. "இது ரெண்டுக்கு."