படம் வராத டிவியும் வால்யூம் அக்காவும்

உலகத்திலேயே சத்தமான நூலகம் எங்களுடையதுதான். காரணம் வாசகர்கள் அல்ல. அங்கே கூட்டிப் பெருக்கி, புத்தகம் அடுக்கிவந்த வால்யூம் அக்கா. உத்திரமேரூரில் அவர் தும்மினால் மாகறலில் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள். சுவரில் 'அமைதி காக்கவும்' என்று ஒரு பலகை. தினமும் அதைத் துடைப்பதும் அவர்தான். துடைத்துக்கொண்டே பேசுவார்.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் அங்கே நூலகராகப் போனேன். வீட்டுக்கு வீடு மெகா சீரியல் புகுந்துகொண்டிருந்த நேரம். நாவல் வாங்கிப் போக வரும் பெண்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள்.

"டிவி நம்ம பொழப்பைக் கெடுத்துடுச்சுக்கா" என்றேன்.

"டிவி இன்னா சார் பண்ணும்? மின்னெல்லாம் தெருவுக்கு ஒரு டிவி. ஞாயித்துக்கெயமன்னா அத்தினி பேரும் ஒரே வூட்ல ஒண்டிக்கினு பாப்போம். இப்ப வூட்டுக்கு ஒண்ணு. கதவ சாத்திக்கினு அவங்கவங்க தனியா அய்துகினு கீறாங்க."

அவர் வீட்டிலும் ஒரு பழைய கறுப்பு வெள்ளை டிவி உண்டு. சத்தம் வரும், படம் வராது. அதைத்தான் தினமும் 'பார்த்துவிட்டு' வந்து மறுநாள் கதை சொல்வார்.

"நேத்து மாமியாக்காரி மாம்பயக் கலர் பட்டுப்பொடவ கட்டிக்கினு வந்தா சார்."

"படமே வராத டிவியில கலர் எப்படிக்கா தெரிஞ்சது?"

"கொரல்லயே தெர்யுதே. நூல்பொடவ கட்னவ அவ்ளோ திமிரா பேசுவாளா?"

ஓர் ஆண்டு மழை பொய்த்தது. ஏரிக்குள் மாடு மேய்ந்தது. நடவு இல்லை, களையெடுப்பு இல்லை. சாலவாக்கம் பக்கத்திலிருந்து கூலி வேலை தேடி வந்து, கிடைக்காமல் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண்கள், வெயிலுக்கு ஒதுங்கி நூலகத்துக்குள் வந்து உட்கார்ந்தார்கள். பலருக்கு எழுத்தும் தெரியாது, வீட்டில் டிவியும் கிடையாது. அக்கா கதையை ஆரம்பிப்பார். மாமியார் வரும் கட்டத்தில் கையிலிருக்கும் துடைப்பம் செங்கோலாகிவிடும். மதியம் சாப்பிடாத முகங்கள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். பேப்பர் படிக்க வரும் ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர், சத்தம் தாங்கவில்லை என்று என்னிடம் புகார் சொன்னார். சொல்லிவிட்டு நாற்காலியை அவர்கள் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

இந்தச் சந்தோஷத்துக்கு வினை, ரேடியோ ரிப்பேர் கடை பாய் உருவில் வந்தது. மனுஷர் நல்ல எண்ணத்தில் அக்காவின் டிவியை வாங்கிப்போய், காசு வாங்காமல் படம் வரவைத்துக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் அக்கா வந்தார். கூட்டினார், துடைத்தார். பேசவில்லை.

"இன்னாக்கா, ஒடம்பு சரியில்லியா?" என்று பெண்கள் கேட்டார்கள்.

"ஒண்ணுமில்ல" என்று அலமாரிக்குப் பின்னால் போய்விட்டார்.

சில நாட்கள் இப்படியே போயின. பெண்கள் சோர்ந்து வெளியே மரத்தடிக்குப் போய்விட்டார்கள். தாசில்தாரே என்னிடம் வந்து, "அந்தம்மாவுக்கு என்ன சார் ஆச்சு?" என்றார். நான் போய்க் கேட்டேன்.

"அந்த மாமியாக்காரி ஒல்லியா கீறா சார். மூஞ்சியப் பாத்தா பாவமா கீது. பொடவ வேற வெறும் சாம்ப கலரு. இவளப் போயி இத்தினி நாளா திட்டிக்கினு இருந்தமேன்னு பேஜாராயிடுச்சு. இனிமே நா இன்னா கதெ சொல்றது?"

அன்று சாயங்காலம் இருவருமாக பாய் கடைக்குப் போனோம்.

"பாய், பயய மாதிரியே ஆக்கிக் குடு" என்றார் அக்கா.

பாய் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "கெட்டத சரி பண்ணுவேன் சார். நல்லா ஓடுறத எப்படிக் கெடுக்கறதுன்னு எனக்குத் தெரியாதே."

பிறகு அவரே ஒரு வழி சொன்னார்: "பொட்டிய செவுத்துப் பக்கம் திருப்பி வெச்சிக்கோக்கா."

மறுநாள் காலை, பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போதே எனக்குக் கேட்டுவிட்டது. மாமியார் மறுபடி குண்டாகி, அரக்குப் பட்டில் வந்து மருமகளை மிரட்டிக்கொண்டிருந்தார். மரத்தடியிலிருந்த பெண்கள் எல்லாரும் உள்ளே வந்துவிட்டிருந்தார்கள்.

மாற்றல் வரும்வரை அந்த நூலகத்தில்தான் இருந்தேன். அக்கா லீவு போட்ட நாட்களில் மட்டும், சாவி கையில் இருந்தும், பூட்டைத் திறக்க மனசு வராமல் வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருப்பேன்.