தையல்காரர் தைத்த மலை

மலை மறுபடியும் படுத்துவிட்டது.

"அப்பா, நாளைக்குக் காலைல குடுத்தாகணும். இல்லேன்னா வகுப்பே என்னைப் பார்த்துச் சிரிக்கும்," என்றாள் மகள்.

தையல்காரர் தலையைச் சொறிந்தார். மனைவி இறந்துபோன இந்த மூன்று மாதமாகக் கட்டிலே கதி என்று கிடந்தவர். கடை பூட்டியது பூட்டியபடி இருந்தது. பள்ளிக்குத் துணியால் பூமியின் மாதிரி வடிவம் செய்தே தீரவேண்டும் என்று மகள் ஒற்றைக்காலில் நின்றதால்தான் இன்று தையல் மேசைக்கு வந்திருந்தார்.

பூமியின் அடுக்குகள் சுலபமாக முடிந்தன. புவிக்கருவுக்குச் சிவப்புத் துணி, அதைச் சுற்றிய கவசத்துக்கு ஆரஞ்சு, மேலோட்டுக்குப் பழுப்பு. மலைதான் மல்லுக்கு நின்றது.

"ரெண்டு பக்கமும் தள்ளுங்கப்பா. நிலத்தட்டு ரெண்டும் மோதினா நடுவுல மடிஞ்சு மேல எழும்பும். அதான் மலை."

தள்ளினார். அழகாக எழும்பியது. ஆனால் முப்பது வருடப் பழக்கம் யாரை விட்டது? துணியில் மடிப்பைக் கண்டதும் கை தானாக இஸ்திரிப் பெட்டிக்குப் போய்விட்டது.

"ஐயோ! மலையைத் தேச்சிட்டீங்களே!"

அடுத்து கஞ்சி போட்டு நிறுத்தினார். மலை நின்றது, மேசையோடு ஒட்டிக்கொண்டும் நின்றது. பிய்த்ததில் மேலோடு கிழிந்தது. வேறு பழுப்புத் துணி என்று இருந்தது, மனைவிக்கென்று வெட்டித் தைக்காமலே விட்ட ரவிக்கைத் துணி மட்டும்தான். அதை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். மகளும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள்.

"அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. தைங்கப்பா."

தைத்தார். இனி விழக்கூடாது என்று உள்ளே பஞ்சை அடை அடையென்று அடைத்தார். உச்சியில் தையல் விட்டு, பஞ்சு பொங்கி வழிந்தது.

"அப்பா, இப்ப இது எரிமலை!"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை நாள் ஆயிற்று!

காலையில் முகம் மழித்து, வெளுத்த சட்டை போட்டு, மலையைத் தானே தூக்கிக்கொண்டார். "வேண்டாம்பா, நானே கொண்டுபோறேன்," என்று மகள் பதறியதை அவர் காதில் வாங்கவில்லை.

"பொண்ணு மேல தப்பில்லைங்க," என்று ஆசிரியையிடம் கெஞ்சினார். "மலை எரிமலையானது என் கைவரிசை. மார்க்கைக் குறைச்சிடாதீங்க."

ஆசிரியை மலையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மலைப் பாடம் போன வருஷமே முடிஞ்சிடுச்சுங்களே. நான் யாரையும் எதுவும் செஞ்சிட்டு வரச் சொல்லலையே!"