மை தெரியாத விரல்

"உன் பேர் இந்தப் பட்டியல்ல இல்லம்மா" என்றாள் மேசைக்குப் பின்னால் இருந்த பெண்.

"இன்னொரு தடவை பாருங்களேன். ஒலிவேரா. சொந்த ஊர் பிரோத்."

"பிரோத்துன்னா ஓட்டும் பிரோத்துலதான். இங்கயே போடணும்னா முன்னாடியே எழுதிக் குடுத்திருக்கணும். குடுத்தியா?"

ஒலிவேராவுக்குக் காது சூடாகிவிட்டது. வெளியூர் மாணவர்கள் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் படிக்கும் ஊரிலேயே ஓட்டுப் போடலாம் என்பதை நோவி சாத் நகரத்துக்கே சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். பல்கலைக்கழக வாசலில் மேசை போட்டு, ஒலிபெருக்கி வைத்து, ஒரு மாதம் தொண்டை கிழியக் கத்தினாள். ஒதுங்கிப் போனவர்களையும் துரத்திப் பிடித்து எழுத வைத்தாள். தன்னுடையதை மட்டும் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தாள். அந்த நாளை வரவே இல்லை. இப்போது பஸ் ஏறினாலும், பிரோத் போய்ச் சேர்வதற்குள் சாவடியை மூடிவிடுவார்கள்.

வாசலில் விரலில் மை தெளிக்கும் குப்பியோடு உட்கார்ந்திருந்த பெரியவர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தாள்.

மாணவர் சங்கத்து நண்பர்கள் தெருமுனை ரொட்டிக்கடையில் காத்திருந்தார்கள். போஷ்கோ, நேதா, விதோயே. மூவருமே வெளியூர்க்காரர்கள், மூவருமே அவளோடு அந்த மேசையில் உட்கார்ந்து கத்தியவர்கள்.

"போட்டாச்சா?" என்றாள் நேதா.

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். "போட்டாச்சு" என்று வந்துவிட்டது.

"நாங்கல்லாம் காலையிலேயே போட்டுட்டோம்" என்றான் போஷ்கோ. "தலைவிதான் தாமதம்."

பொய் அதோடு போயிருக்கும். ஆனால் கடைக்கார ரமீஸ் ஒரு தட்டில், உள்ளே பூரணம் வைத்துச் சுட்ட பூரேக் ரொட்டியை வைத்துக்கொண்டு அவளுக்காகவே நின்றிருந்தார். ஓட்டுப் போட்ட மாணவர்களுக்கு இலவச பூரேக் என்பது ஒலிவேராவின் யோசனை. விரலில் தெளிக்கும் மை கண்ணுக்குத் தெரியாது, ஊதா விளக்கில் காட்டினால்தான் மின்னும். கள்ள நோட்டுப் பார்க்க ரமீஸ் கல்லாவில் அந்த விளக்கு வைத்திருந்தார். பொய் சொல்லித் தின்ன வருகிறவனுக்கு ஒரு துண்டுகூடக் கொடுக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னவளும் அவளேதான்.

"முதல் பூரேக் நம்ம பாப்பாவுக்கு. விரலைக் காட்டும்மா" என்றார் ரமீஸ்.

"வேண்டாம் அண்ணே. கிறிஸ்துமஸ் விரதம். இறைச்சி, பாலாடை எதுவும் தொடறதில்ல."

"நீயா? போன வாரம் ரெண்டு இறைச்சி பூரேக்கை ஒரே மூச்சுல முடிச்சியே."

"அதுக்கப்புறம்தான் ஆரம்பிச்சேன்."

"அப்ப உனக்குன்னே இருக்கு. உருளைக்கிழங்கு, வெறும் எண்ணெய்தான். சாமியே சாப்பிடலாம். விரலைக் கொண்டா."

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் கையை விளக்கின் கீழே நீட்டினாள். விரல் வெறும் விரலாகவே இருந்தது. ரமீஸ் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"மின்னலையே."

"கையைக் கழுவிட்டேன்" என்றாள்.

"கழுவினாலும் ரெண்டு நாளைக்குப் போகாதுன்னு நீதானே வகுப்பு எடுத்த" என்றான் விதோயே.

"அப்ப... சரியாத் தெளிக்கல போல."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. போஷ்கோ ஏற்கெனவே கோட்டை மாட்டிக்கொண்டிருந்தான்.

"தெளிக்கலையா? அது பெரிய முறைகேடு. அந்தச் சாவடியோட மொத்த ஓட்டும் ரத்தாகலாம். வாங்க, புகார் குடுப்போம்."

"ஐயோ, விடுடா. சின்ன விஷயம்."

"சின்ன விஷயம்னு விட்டாதான் நாடு நாசமாப் போகுதுன்னு மைக்குல அழுதது யாரு?"

"நீங்க மூணு பேரும் விரலைக் காட்டிட்டுப் போங்கப்பா, பூரேக் ஆறிடும்" என்றார் ரமீஸ்.

"முதல்ல ஜனநாயகம், அப்புறம்தான் பூரேக்" என்று நேதா கதவைத் திறந்தாள். மூவரும் பறந்தார்கள். ஒலிவேரா பின்னாலேயே ஓடினாள்.

சாவடியில் போஷ்கோ தலைமை அதிகாரி அம்மாளிடம் சட்டம் பேசினான். ஒலிபெருக்கி இல்லாமலே அந்தப் பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்டது. அந்த அம்மாளுக்கு முகம் வெளுத்துவிட்டது. மைப் பெரியவர் பக்கம் திரும்பினாள்.

"ஒரு குப்பியை அமுக்கறதுதானே உங்களுக்கு வேலை? அதைக்கூட ஒழுங்காப் பண்ண முடியாதா?"

"எல்லாருக்கும் தெளிச்சேன் அம்மா. இந்தப் பிள்ளைங்க வந்து..."

"பேசாதீங்க. இத்தனை பேர் ஓட்டு பாழாச்சுன்னா யார் பதில் சொல்றது?"

பெரியவர் கையிலிருந்த குப்பியைக் குனிந்து பார்த்தார். வெளியே தடியூன்றிக்கொண்டும் குழந்தையைத் தூக்கிக்கொண்டும் சனங்கள் வரிசையில் நின்றார்கள். அவர்களில் பாதிப் பேரை வீடு வீடாகப் போய்க் கெஞ்சி வரவழைத்தவள் ஒலிவேரா. அத்தனை ஓட்டும் அவள் மானத்துக்காகக் குப்பைக்குப் போகப் பார்த்தது. அவளுக்குத் தன்னை நினைத்தாலே அருவருப்பாக இருந்தது.

"அவரைத் திட்டாதீங்க" என்றாள். "நான் ஓட்டே போடல. எனக்கு இங்க பேரே இல்ல. எழுதிக் குடுக்க மறந்துட்டேன். வெட்கப்பட்டுக்கிட்டுப் பொய் சொல்லிட்டேன்."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"ஊருக்கெல்லாம் சொல்லிட்டு நீயே மறந்தியா?" என்றாள் நேதா.

"உன்னைப் போய்த் தலைவின்னு நம்பினோமே" என்றான் விதோயே.

"எங்க மூஞ்சியிலயும் சேர்த்துக் கரியைப் பூசிட்டியே ஒலிவேரா" என்றான் போஷ்கோ. "நாளைக்கு நாங்க எந்த முகத்தோட அந்த மேசையில போய் உட்கார்றது?"

எது சொன்னாலும் தகும் என்று ஒலிவேரா நின்றாள்.

மைப் பெரியவர் குப்பியை மேசைமேல் வைத்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மனசை விடாதம்மா. இன்னிக்குப் பேர் இல்லாம இங்கேருந்து திரும்பிப் போனதுல நீ நாலாவது ஆளு. மத்த மூணு பேரும் உன் பின்னாடிதான் நிக்கறாங்க."