கருங்கல்லில் ஒரு அமெரிக்க ஞாயிறு

இனிமேல் நான் 1950-களில் வாழ்ந்த அமெரிக்கப் புருஷன். அப்படித்தான் தீர்மானித்தேன். கருங்கல் என்கிற ஊரில் பெயிண்ட் கடை வைத்திருக்கிற சுயம்புலிங்கத்துக்கு இந்த ஆசை எப்படி வந்தது என்கிறீர்களா? யாவாரம் இல்லாத மத்தியானத்தில் பார்த்த ஒரு யூடியூப் படத்தால்.

அடடா, என்ன காலம் அது! யுத்தம் முடிந்து பட்டாளக்காரன் வீடு திரும்புகிறான். வரிசையாக ஒரே அச்சில் வீடுகள். வாசலில் கார், அடுக்களையில் ஃபிரிட்ஜ், ஹாலில் டிவி. சாயங்காலம் பெண்டாட்டி வாசலுக்கே வந்து பையை வாங்குகிறாள். அவன் சாய்ந்து உட்கார்ந்து பேப்பர் படிக்கிறான். இன்றைய அமெரிக்காவுக்கே அந்தப் பத்து வருஷம்தான் அஸ்திவாரமாம். பாதிப் படத்தில் ஒருத்தர் பிரைமர் கேட்டு வந்துவிட்டார். எனக்குப் பாதியே தாராளம்.

வீட்டுக்குப் போனதும் பெண்டாட்டியிடம் ஆரம்பித்தேன்.

"ஏட்டி பிரிஜா, நாளையிலேருந்து நான் வரும்போ நீ வாசல்ல நிக்கணும். சாயா தரணும், பேப்பர் தரணும். ராத்திரி சாப்பாடு வரைக்கும் ஒரு குத்தம் குறை சொல்லப்பிடாது."

"எதுக்கு?"

"அமெரிக்கா அப்பிடித்தான் முன்னேறிச்சு."

"அந்தப் பொம்பளையளும் என்னப்போல பஸ்ஸுல தொங்கிப் போயி, பள்ளிக்கூடத்தில தொண்ட கிழியக் கத்திட்டு வந்தாளுவளா?"

"யுத்தம் நடக்கும்போ ஃபேக்டரியில வேலை பாத்தாளுவ. முடிஞ்சதும் வீட்டுக்கு அனுப்பிட்டானுவ."

"ஓகோ! அந்தப் படத்த எனக்கும் அனுப்புங்க."

சண்டைக்கு வரிந்து கட்டிக்கொண்டு நின்றேன். அவளோ படத்தைப் பார்த்துவிட்டு, "கொள்ளாமே, நல்லாத்தான் இருக்கு. அப்பிடியே செய்வோம்" என்றாள்.

மறுநாள் வாசலில் நின்றாள். சாயா வந்தது, பேப்பர் வந்தது, குத்தம் குறை வரவில்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். எழுந்து போய் தண்ணி மோட்டாரைப் பார்த்தேன். கேஸ் தீர்ந்துவிட்டதா என்று நானே கேட்டேன்.

"அதுக்கெல்லாம் நீங்க எதுக்குக் கவலைப்படுகிய? சாஞ்சு இருங்க."

இவ்வளவு லேசில் சம்மதிக்கிறவளா இவள்? அந்த வாரம் முழுக்க உறக்கமில்லை. கடையில் வெள்ளை கேட்டவருக்கு மஞ்சளைக் கலக்கிக் கொடுத்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் சாயாவோடு வந்தாள்.

"நாளைக்கு எங்கயும் போயிராதீங்க. எங்க தம்பிமாரெல்லாம் குடும்பத்தோட வாறாவ."

எனக்குப் பகீரென்றது. ஞாயிற்றுக்கிழமை என்னுடைய நாள். கடியப்பட்டணம் கடற்கரையில் அன்றைக்குப் படகெல்லாம் கரையேறிக் கிடக்கும். படகு நிழலில் என் கூட்டாளி சுலைமானும் நானும் சீட்டு விளையாடி, ஊர்க்கதை பேசி, பொழுது சாயத்தான் வீடு திரும்புவோம். அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற நாளெல்லாம் பெயிண்ட் டின் தூக்குகிறேன்.

"நாளைக்கு ஞாயிறுட்டி!"

"அதனாலதான். நீங்க பாதிப் படம்தான பாத்திய? மறுபாதியில ஞாயித்துக்கிழமை வருகு. புருஷன் காலைல புல்லு வெட்டுகான். கார் கழுவுகான். மத்தியானம் முற்றத்தில கனல் போட்டு, அவனே இறைச்சி சுட்டு, பெண்டாட்டி வீட்டுக்காரங்களுக்குத் தட்டுல விளம்புகான். அவ சும்மா இருந்து ஜூஸ் குடிக்கா."

"பெண்டாட்டி வீட்டுக்காரங்கன்னு படத்தில சொன்னானா?"

"பின்ன, அவ்வளவு கூட்டம் வேற ஆரா இருக்கும்? அவன் இறைச்சி சுட்டான், நீங்க மீனு சுட்டாப் போதும்."

"மீனுக்கு எங்க போவேன்? நாளைக்குக் கடலுக்கு ஆரும் போவமாட்டாவ."

"இன்னைக்கே வாங்கி மசாலா தேச்சு வச்சாச்சு."

ஓடிப்போய்ப் படத்தைப் பார்த்தேன். அந்தச் சண்டாளன் சிரித்துக்கொண்டே புல் வெட்டுகிறான்.

நான் அழுதுகொண்டே வெட்டினேன். தேங்காய்ச் சிரட்டைக் கனல் ஊதி ஊதிக் கண் சிவந்தது. மச்சினன்மார் கால்மேல் கால் போட்டு, "அத்தான், வால் பக்கம் நல்லா மொறுமொறுன்னு வேணும்" என்றார்கள். பிரிஜா ஜூஸ் குடித்தாள்.

நடுவில் சுலைமான் போன் செய்தான். "ஏலே, வரலியா?"

"இல்ல மக்கா, நான் அமெரிக்காவுல நிக்கேன்."

பொழுது சாய்ந்ததும் அவள் முன்னால் போய் நின்றேன். "தோத்துட்டேன் பிரிஜா. நாம பழையபடியே இருப்போம். சாயாவும் வேண்டாம், பேப்பரும் வேண்டாம். என் ஞாயித்துக்கிழமைய மட்டும் தந்துரு."

"சாயாவும் பேப்பரும் இல்லன்னா எனக்குச் சொகம்தான்" என்றாள். அந்த வாரத்தில் அன்றைக்குத்தான் நிம்மதியாக உறங்கினேன்.

திங்கட்கிழமை கடையைத் திறந்ததுமே போன்.

"அண்ணே, நெய்யூர்லேருந்து பேசுகேன். நீங்க சுட்ட மீனப்பத்தி உங்க மச்சினன் ஒரே புகழ்ச்சி. எங்க வீட்டு விசேஷத்துக்கும் நீங்கதான் வரணும். ஓணம் வரைக்கும் உங்களுக்கு ஒரு ஞாயிறும் ஒழிவில்லன்னு பிரிஜாக்கா சொன்னாவ. அதுக்குப் பொறவு உள்ளது ஒண்ணு கிட்டுமா?"